கேட்காமல் எழுதிய கேஸ்

மார்ச் 5

இன்று மனநலக் கிளினிக். டச்சுக் கல்லறைக்குப் பின்னால் இருக்கும் பழைய கட்டிடம், ஒரு மின்விசிறி, மூன்று நாற்காலி. சென்னையிலிருந்து எங்கள் துறை வாரம் ஒருமுறை பழவேற்காட்டுக்கு ஆள் அனுப்புகிறது. "உங்க ஊருதானே, நீயே போ" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நானும் சந்தோஷமாகத்தான் வந்தேன். கோட்டைக்குப்பத்துப் பெண் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதை நாலு பேர் பார்க்கட்டுமே.

நைனா வழக்கம்போல ஆரம்பித்தார். "கவுன்சிலிங்குனு நல்லாத்தான போயினு இருந்த, இப்ப இன்னாத்துக்குத் திரும்பப் படிப்பு?" எத்தனை முறை சொல்வது? எம்.எஸ்சி. மட்டும் போதாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள எம்.ஃபில். முடிக்க வேண்டும், இந்தத் தொழிலுக்கான கவுன்சில் ஆர்.சி.ஐ. கொடுக்கும் பதிவு எண் வேண்டும். கவுன்சிலராக இருந்தபோது ஒரு மாணவனுக்காக நான் எழுதிய ரிப்போர்ட்டை அவன் பள்ளிக்கூடத்தில் புரட்டிப் பார்த்து, "எண் எங்கே மேடம்?" என்று திருப்பிக் கொடுத்தார்களே, அந்த அவமானம் நைனாவுக்குத் தெரியாது. முப்பத்திரண்டு வயதில் மறுபடி ஹாஸ்டல் சாம்பார் சாப்பிடுவது அதற்காகத்தான்.

மார்ச் 12

பெயரை இங்கேகூட மாற்றித்தான் எழுத வேண்டும். ஆதிநாராயணன் என்று வைத்துக்கொள்கிறேன். பக்கத்துக் குப்பம், ஏரியில் இறால் பிடிக்கிறவர். மனைவி பச்சையம்மா கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீங்க இரும்மா, அவரு பேசட்டும்" என்றேன்.

அவர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "என் பாட்டத் திருடிட்டாங்கமா."

சென்னையிலிருந்து என்னோடு கிளினிக்குக்கு வந்த டாக்டர் வெளியூர்க்காரர். சந்தேக நோய் மாதிரி தெரிகிறது, மருந்து தொடங்கலாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. பாடு என்பது ஏரியில் யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு விடும் முறை. ஒருத்தன் பாட்டில் இன்னொருத்தன் கை வைத்தால் ஊரே ரெண்டுபடும். அதைப் போய் நோய் என்பதா? "சார், எங்க ஊர்ல இது நெஜமாவே நடக்கும்" என்றேன், சூடாகவே. "சரிம்மா, உங்களுக்குத் தெரிஞ்ச ஊரு" என்று மருந்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டார்.

கேஸ் ரெக்கார்டை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். நோய் இல்லை, நியாயமான மனக்குறை. பரீட்சைக்கு முன்னால் கையெழுத்தாக வேண்டிய கடைசிக் கேஸ் இது. சபாஷ் காந்தா!

மார்ச் 15

கஸ்தூரி மேடம் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு வருஷமாக என் சூப்பர்வைசர். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை, இன்றைக்கும் உயர்த்தவில்லை.

"யார் திருடினாங்கன்னு சொன்னாரு?" — கேட்கவில்லை. "திருடினது அவருக்கு எப்படித் தெரிஞ்சுதாம்?" — கேட்கவில்லை. பாடு இப்போது யார் பேரில் இருக்கிறது, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, சாகணும் என்ற நினைப்பு வருகிறதா... ஒன்றையும் கேட்கவில்லை.

"அவர் பேசினது மூணு வரி காந்தா. மிச்சமெல்லாம் நீயா போட்டு ரொப்பினது."

பாத்ரூமில் போய் அழுதேன். மேடம் மேல் கோபம், பிறகு என் மேல். வேறு ஊர்க்காரியாக இருந்திருந்தால் பாடு என்றால் என்ன என்று முதலில் அவரையே கேட்டிருப்பேன். அவரும் பேச ஆரம்பித்திருப்பார். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

மார்ச் 16

ரெக்கார்டில் இருக்கும் ஆதிநாராயணன் வீட்டு நம்பருக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன். எடுக்கவில்லை. ஏன் எடுக்கல?

மார்ச் 19

கிளினிக்குக்கு அவர் வரவில்லை. டாக்டரிடம் சொல்லிவிட்டு, நர்ஸ் ராஜம்மாவைக் கூட்டிக்கொண்டு குப்பத்துக்கே போனேன். பச்சையம்மா ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச தூரத்தில், வலை கட்டும் கழியில் படகைக் கட்டிவிட்டு அவர் உட்கார்ந்திருந்தார். விடிந்ததிலிருந்து அப்படியேதானாம்.

அவர் தம்பி தசரதனிடம் பாட்டைப் பற்றிக் கேட்டேன். "பாடு அவுரு பேர்லதான்மா கீது. யாரும் தொடல. மொற வந்துச்சு, அவுருதான் வலை கட்டல. தண்ணிக்கு அடியில ஆளுங்க பேசுறாங்கன்றாரு."

ஒரு வாரத்துக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இது தெரிந்திருக்கும்.

தசரதன் படகில் பக்கத்தில் கொண்டுபோய் விட்டார். "அண்ணா, பாடு பத்தி எனக்குத் தெரியும்னு நெனச்சிக்கினேன். தெரியல. நீங்களே சொல்லுங்க" என்றேன். கழியில் கட்டியிருந்த கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தார். நான் அவசரப்படுத்தவில்லை. பிறகு சொன்னார். "வலை கட்டப் போனேன். கீழேந்து பேர் சொல்லிக் கூப்டாங்க. இது உன் பாடு இல்ல, உன் எடம் கீழதான்னாங்க. டெய்லி கூப்புடுறாங்க."

"போயிடலாம்னு தோணுதா?"

"தோணுது."

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான் வந்தேன். அவ கரையிலயே நின்னுக்கினு கீறா. போவல."

எங்களுடன் கரைக்கு வந்தார். ஆம்புலன்ஸில் சென்னைக்கு அனுப்பிச் சேர்த்தாயிற்று. வண்டியில் ஏறும்போது பச்சையம்மா சொன்னாள்: "அன்னிக்கே சொல்ல வந்தேன்மா. நீதான் இருன்ன." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். "தள்ளிப் போட்டது நானும்தானே" என்றார்.

மார்ச் 20

உயிரோடு இருக்கிறார். இன்றைக்கு இது போதும்.

ஏப்ரல் 9

குரல்கள் குறைந்துவிட்டன. எப்போதாவது ஒன்று, அதுவும் தூரத்தில் கேட்பதாகச் சொல்கிறார். மருந்து வேலை செய்கிறது. வார்டில் கொடுத்த மீன் குழம்பைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரு கொழம்பா? இதுல மீன் குளிச்சிட்டுப் போயிருக்குது" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், பச்சையம்மாவும் சிரித்தாள். அப்பாடா.

ரெக்கார்டைப் புதிதாக எழுதினேன். முதல் முறை என்ன கேட்காமல் விட்டேன், அதனால் என்ன ஆனது என்பதையும் சேர்த்து. மேடம் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "இதை வைவாவுக்கு எடுத்துட்டுப் போ" என்றார். அய்யோ.

ஜூன் 14

வைவா முடிந்தது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் அந்தக் கேஸையே பிடித்துக்கொண்டார். "உங்க ஊர் ஆளு, உங்க பாஷை. அப்புறம் எப்படித் தப்பா போச்சு?" என்றார். "அதனாலதான் சார்" என்றேன். மேலே என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை.

பாஸ். பாஸ்! கேன்டீனில் இரண்டு வடை தின்றேன்.

ஆகஸ்ட் 24

பதிவு எண் வந்துவிட்டது. நைனாவுக்குப் போன் செய்தேன்.

"அப்ப நீ டாக்டரா?"

"இல்ல நைனா."

"ஊசி போடுவியா?"

"போட மாட்டேன். மருந்தும் எழுத மாட்டேன்."

"அப்ப இன்னாதான் செய்வ?"

"கேப்பேன் நைனா."

"சரி, சரி" என்று வைத்துவிட்டார். சாயந்திரம் அம்மா கூப்பிட்டாள். மீன் ஏலம் விடுகிற இடத்தில் என் பொண்ணு டாக்டர் என்று நைனா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். திருத்தப் போகவில்லை. இன்று ஒருநாள் இருந்துவிட்டுப் போகட்டும்.

செப்டம்பர் 3

ஆதிநாராயணன் கிளினிக்குக்கு வந்தார். தானே நடந்து வந்தார், பச்சையம்மா பின்னால். அடுத்த சீட்டில் பாடு விடுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வார்த்தை வேண்டும் என்று ஊர் கேட்டிருக்கிறதாம். டாக்டர் தன் பங்கை எழுதிவிட்டார். என் பரிசோதனை ரிப்போர்ட் பாக்கி. ஊருக்கு எது தெரியலாம், எது தெரியக் கூடாது என்று அவரிடமே கேட்டு எழுதினேன். இனி என் பெயருக்கு மேலே மேடம் கையெழுத்து வராது.

எழுதியதைப் படித்துக் காட்டினேன். "தனியாக ஏரிக்குப் போக அஞ்சுகிறார்" என்ற இடத்தில் கையை நீட்டித் தடுத்தார்.

"பயம்னு நான் சொல்லலமா. கொஞ்ச நாளிக்குத் தம்பியோட போறேன்னுதான் சொன்னேன்."

ஆமாம், அப்படித்தான் சொன்னார். அந்த வரியை அடித்துவிட்டு அவர் சொன்னதை எழுதினேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

"ஆங், இது சரி" என்றார்.

அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டு, கீழே என் எண்ணை எழுதினேன்.