பெயர் வைக்காத சுரபுன்னை

என் எஸ்தர் அக்காவுக்கு,

செம்மண்டலத்து வீட்டு வாசலில் உன் ரப்பர் செருப்பு இன்னும் அப்படியே கிடக்கிறது. அம்மா யாரையும் எடுக்க விடுவதில்லை. அதைத் தாண்டித்தான் இந்த வருஷமும் நம் சர்ச் இளைஞர் முகாமுக்குப் போனேன். நீ இல்லாமல் போவது இதுதான் முதல் தடவை.

சுனாமிக்கு மறுவருஷம் நீ ஆரம்பித்த முகாம். கிள்ளை உப்பங்கழியில் அலையாத்தி மரமான சுரபுன்னையின், முருங்கைக்காய் போல நீண்ட காய்களை முளைப்பதற்காகச் சேற்றில் செருகினோம். ஒவ்வொரு காய்க்கும் கடல் கொண்டுபோன ஒருவரின் பெயரைச் சொல்லி ஜெபித்தோம். பெயர்களைத் தந்தது பக்கத்துக் குப்பத்து ஜனங்கள். நம் சபைக்காரர்கள் இல்லைதான், ஆனாலும் தந்தார்கள். நல்ல யோசனை என்று நம்மை நாமே மெச்சிக்கொண்டோம், இல்லையா?

கொஞ்ச நாளில் அந்தக் குப்பத்துச் செல்வியம்மா படகில் வந்தார், தன் மகன் குமார் பெயரில் நட்டதைப் பார்க்க. நண்டு கடித்துப்போட்ட காயைக் கடல் ஏற்றத் தண்ணீர் இழுத்துப்போயிருந்தது. வெறும் சேறு.

"ரெண்டாவது வாட்டியும் எம்புள்ளய தண்ணிக்குக் குடுத்துட்டனே!" என்று கத்தினார். நீ அவரைக் கட்டிக்கொண்டு அழுதாய். அதற்குப் பிறகு எந்தக் காய்க்கும் பெயர் வைக்க நீ சம்மதித்ததே இல்லை.

போன மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னையும் கொண்டுபோய்விட்டது. அவ்வளவு அவசரம் என்னக்கா?

இந்த முறை பசங்க ஒரு காயை என் கையில் திணித்து, "எஸ்தர் அக்கா பேரச் சொல்லி நடுங்கக்கா" என்றார்கள். எனக்கும் ஆசைதான். கல்லறை போதவில்லை, உன் பெயரில் வளர்கிற ஒன்று வேண்டும் போலிருந்தது. ஆனால் இதுவும் போய்விட்டால் அம்மாவிடம் என்ன சொல்வேன்? முழங்கால் சேற்றில் நின்று அழுதேன். தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது.

எங்களைப் படகில் கூட்டிவந்திருந்த செல்வியம்மா சேற்றில் இறங்கி என்னிடம் வந்தார்.

"பேரு வெக்காத ஜூலி. நான் வெச்சிப் பாத்துட்டேன். எல்லாத்தயும் நடு. எது நிக்குதோ அதான் எங்குமாரு. அதான் ஒங்கக்காவும்."

அன்றைக்கு உனக்குக் கிடைக்காத பதில் இது. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இருவரும் சேர்ந்து நட்டோம். எது யார் கையால் நட்டது என்று இப்போது எனக்கே தெரியாது.

அடுத்த முகாமுக்கு அம்மாவைக் கட்டாயம் கூட்டிப்போகிறேன். "இதுல எதுடி எஸ்தரு?" என்று கேட்பாள். நின்றிருப்பதையெல்லாம் காட்டுவேன்.

என்றும் உன் பின்னாலேயே சேற்றில் இறங்கிய தங்கச்சி,
ஜூலி