பஞ்சுவின் இருமல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். கட்டிலோடு கிடக்கும் அப்பாவை நினைத்தபடியேதான் இருக்கிறேன்.

இங்கே உடையார்கட்டு மிருக வைத்தியசாலைக்கு நேற்று நேசமலர் அக்கா தன் சின்ன நாய் பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நிமோனியா. நாக்கு நீலம் பாரித்திருந்தது.

"இருமினதெண்டு, மாட்டுக்குப் பருக்கிற மாதிரித் தலையை அண்ணாத்திப் போத்தலால மல்லித்தண்ணி விட்டனான், பிள்ளை," என்று அழுதார். அந்தத் தண்ணீர் நெஞ்சுக்குள் போய்விட்டது.

ஒட்சிசன் கொடுத்து, ஊசி போட்டோம். நீராவி பிடித்தபின் கையைக் குழித்து அதன் விலாவை மெதுவாகத் தட்டுகிறேன். இன்னும் ஒன்றும் தின்னவில்லை.

நீங்கள் பயப்படாதேங்கோ. கொஞ்சம் ஒடியல் மா அனுப்புங்கோ, கூழாவது காய்ச்சிக் குடிக்கலாம். தனி ஆளுக்குச் சமைக்க மனம் வருவதில்லை.

இன்னொன்று. போனில் சொன்னால் அப்பாவுக்குக் கேட்கும். பிறகு கஞ்சியையே விட்டுவிடுவார். அதனால்தான் எழுதி, பூநகரிக்கு வரும் கிருசாந்தனிடம் இன்றே கொடுத்துவிடுகிறேன். அப்பாவைப் படுத்தபடி வைத்துக் கஞ்சி பருக்காதேங்கோ. எழுப்பி இருத்தி, தலையைக் கொஞ்சம் குனியவைத்து, கரண்டியால் கொடுங்கோ. நாளைக்கே ஆஸ்பத்திரியில் அவருடைய நெஞ்சைக் காட்டுங்கோ. நான் வந்திருந்தபோது கஞ்சி குடித்துவிட்டு அவர் இருமினாரே, பஞ்சுவும் அப்படியேதான் இருமுகிறது, அம்மா.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

மகள்
சுதாஜினி