மதில் மேல் மேஸ்திரி

ஓசூர்
11.01.2024

அன்புள்ள செல்விக்கு,

இங்கே எல்லோரும் சுகம், என் காதைத் தவிர. மெஷின் மாட்டியும் போனில் உன் குரல் கொசுச் சத்தம்தான். உன் கடிதம் வந்தால்தான் நீ பேசுவது கேட்கிறது.

மகன் வீடு எட்டாவது மாடி. பக்கத்தில் குடியிருப்பது யாரென்று இன்றுவரை தெரியாது. வில்லாபுரத்தில் நமக்கு நடுவே இருந்தது ஒரே மதில். அதன் மேலே காபி டம்ளர் போகும், குழம்புக் கிண்ணம் வரும், குறுக்கே நம் மேஸ்திரி நடப்பாள். தெருவில் எந்த வீட்டில் கட்டட வேலை நடந்தாலும் போய் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்த பூனைக்கு வேறென்ன பேர் வைப்பது? அவள் பாலைக் கவிழ்த்தால், "யக்கா, உங்க பூனை பண்ணுன வேலையப் பாருங்க" என்பாய். குட்டி போட்டால் மட்டும் அது உன் பூனை. நானும் சளைத்தவள் இல்லை. நினைத்தால் சிரிப்பு வருகிறது, பின்னாலேயே அழுகையும் வருகிறது.

தெள்ளுப்பூச்சி தாங்காமல் சொறிகிறாள் என்று எழுதியிருந்தாய். மகன் தன் நாய்க்கு ஆன்லைனில் வாங்கிய சொட்டு மருந்து இத்துடன் வருகிறது. பெட்டி கவருக்குள் நுழையவில்லை, குழாயை மட்டும் வைத்திருக்கிறேன். நாய்க்குக் கேட்டது பூனைக்குக் கேட்காதா? பிடரியில் விடு.

உன் அக்கா,
முத்துமீனா


வில்லாபுரம், மதுரை
18.01.2024

அக்காவுக்கு,

'அன்புள்ள' என்று போடக் கை வரவில்லை. கால்நடை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் மருந்தை விட்டேன். மத்தியானம் மேஸ்திரிக்கு உடம்பெல்லாம் உதறல், வாயில் நுரை. கட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஓடி வந்தேன். காலிக் குழாயைப் பார்த்ததும் டாக்டரம்மா திவ்யா தலையில் கை வைத்தார். "இது நாய்க்குள்ளதும்மா. பூனைக்கு வெசம். பெட்டியில பூனைப் படம் போட்டுக் குறுக்கால கோடு அடிச்சிருப்பாங்களே, பாக்கலையா?"

பெட்டி எங்கே இருக்கிறது? உங்கள் ஓசூரில் இருக்கிறது.

சோப்புப் போட்டுக் கழுவி ஊசி போட்டிருக்கிறார்கள். பிழைக்குமா என்றேன். "காலையிலதான் சொல்ல முடியும்" என்கிறார்.

தெருவில் இன்னொரு கூத்து. எதிர்வீட்டு நல்லகாமன் அண்ணன் சாக்கோடு அலைகிறார். பூனை பெருகிவிட்டதாம். எல்லாவற்றையும் பிடித்து, வழக்கம்போல நாலு தெரு சுற்றி மீன் மார்க்கெட்டில் விடப்போகிறாராம். "சுத்திவிட்டா வழி மறந்துரும் தங்கச்சி" என்கிறார். நீங்கள் இருந்திருந்தால் மதிலில் நின்று ஒரு சத்தம் போட்டிருப்பீர்கள். நீங்கள்தான் இல்லையே.

தமிழ்ச்செல்வி


ஓசூர்
24.01.2024

செல்விக்கு,

பெட்டியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். படம் இருக்கிறது. கண்ணாடி போடாமலே தெரிகிறது. ஆசை ஆசையாக விஷத்தைக் கவரில் ஒட்டி அனுப்பியிருக்கிறேன், பாவி.

பிழைத்தாளா? ஒரு வரி போடு.

மீனாக்கா


ஓசூர்
19.02.2024

செல்வி,

பதில் இல்லை. மகனைப் போன் போடச் சொன்னால், "அவங்க எடுக்கலம்மா" என்கிறான். திட்டியாவது எழுது. மேஸ்திரி இருக்கிறாளா என்று பயந்த காலம் போய், எனக்கு நீ இருக்கிறாயா என்றுதான் இப்போது பயமாக இருக்கிறது.

மீனாக்கா


வில்லாபுரம், மதுரை
08.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மேஸ்திரி மறுநாள் விடிவதற்குள் போய்விட்டாள்.

கோபத்தில்தான் எழுதவில்லை. அந்தக் கோபம் முழுக்க உங்கள் மேல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். யாரையும் கேட்காமல் அனுப்பினீர்கள், சரி. காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுகிற நானும் கேட்காமல்தானே விட்டேன்? "எந்தப் பிராணிக்கு, எம்புட்டு எடைக்குன்னு எங்கிட்டக் கேட்டுட்டு, சீட்டோட போயி வாங்கணும்மா. பெட்டி இல்லாத மருந்தத் தொடவே கூடாது" என்று டாக்டரம்மா எனக்குத்தான் சொன்னார்.

நல்லகாமன் அண்ணனையும் அவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். "இதுகளக் கொண்டுபோயி விட்டா, காலி எடத்துக்கு வேற பூனை வரும்ண்ணே. ஆபரேஷன் பண்ணி அந்தந்த எடத்துலயே விட்டா பெருகாது" என்றார். அண்ணன் முதலில் முறைத்தார். இப்போது அவரே கூண்டில் கருவாடு வைத்துப் பிடிக்கிறார். பூனை மிரளக் கூடாது என்று கூண்டின் மேல் போர்த்துவது அதே சாக்குதான்.

ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாக இடது காது நுனியை லேசாக வெட்டி விடுகிறார்கள். மேஸ்திரியின் கடைசி மகள் செங்கல், அப்படித் திரும்பி வந்தாள். கூண்டைத் திறந்ததும் நேரே மதிலேறி, பூட்டிக் கிடக்கும் உங்கள் அடுப்படி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். உங்களைப் போலவே காது கொஞ்சம் குறைச்சல்.

மேஸ்திரியின் உடலை வாங்கப் போன காலையில், துணியில் சுற்றிக் கொடுத்த ஆஸ்பத்திரி ஊழியர், "யாரு பூனைம்மா?" என்றார். உங்கள் பூனை என்று சொல்லத்தான் வாய் வந்தது. பழக்கம். அப்புறம், "எங்க ரெண்டு பேரு பூனைண்ணே" என்றேன். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அப்படிச் சொன்னேன்.

மதிலடியில் புதைத்திருக்கிறேன். ஒருதடவை வந்து பாருங்கள் அக்கா. உங்களிடம் சண்டை போட நிறைய மிச்சம் இருக்கிறது. நான் போடுகிற சத்தத்துக்கு உங்களுக்கு மெஷின் வேண்டியிருக்காது.

உங்கள்
செல்வி