முதலில் வண்டி, அப்புறம் ஓமத் தண்ணீர்

அக்கா,

நேற்றுக் காலை எதிர்வீட்டிலிருந்து ஓமம் கொதிக்கும் வாசனை வந்தது. கையிலிருந்த துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஓம வாசனை வந்தால் யாருக்கோ வயிறு சரியில்லை என்றுதான் தெருவில் நினைப்பார்கள். எனக்கு உங்கள் சத்தம்தான் கேட்கும்.

ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்தவர்கள் நாம். நீங்கள் மூத்தவர், நான் இளையவள். ஊரடங்கு சமயத்தில், மகன் வாங்கி அனுப்பிய போனிடமே பேசி இணையத்தில் தேடப் பழகினீர்கள். அடேயப்பா, என்ன கத்தல்! வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைக் கூப்பிடுவது போல இருக்கும். அதிலும் மரியாதை குறையாது. "ஏங்க, தொண்டை கரகரங்குது, கொரோனாவா இருக்குமா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க." வீட்டில் யார் தும்மினாலும் கேட்டுவிடுவீர்கள். "அந்தப் போன் பேச்சைக் கேட்டா நம்ம தெருவுல ஒருத்தனும் உசுரோட இருக்க மாட்டான்" என்று உங்கள் வீட்டுக்காரர் கேலி செய்வார். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள்.

குறுவை நடவுக்கு ஆள் வராததால் நாமே வயலில் இறங்கினோம். வீடு திரும்பியதும் எனக்குத் தாடை வலித்தது, முதுகு வலித்தது, உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. குனிந்து நட்டால் முதுகு வலிக்காதா, வெறும் வயிற்றில் போனால் வாயு பிடிக்காதா என்று என் வீட்டுக்காரர் அடுப்பில் ஓமம் போட்டார். பாவம், அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது. ஆஸ்பத்திரி என்றால் பயம் வேறு. போனால் கொரோனா என்று பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

நீங்கள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தீர்கள். "ஏங்க, பொம்பளைக்குத் தாடை வலிக்குது, முதுகு வலிக்குது, வேர்த்துக் கொட்டுது. என்னன்னு சொல்லுங்க."

மாரடைப்பாகவும் இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள் என்றது போன். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் யாரும் நகரவும் இல்லை.

"இந்த ஓமத் தண்ணியக் குடிச்சிட்டுப் பாப்போம் அண்ணி" என்றார் என் வீட்டுக்காரர்.

"குடிக்கிறத வந்து குடிக்கலாம். முதல்ல அவளை வண்டியில ஏத்துங்க! வெறும் வாயுன்னா காலம் பூரா என்னையக் கேலி பண்ணுங்க, கேட்டுக்கிறேன்."

நெல் மூட்டை ஏற்றுகிற வண்டியில் என்னைப் படுக்க வைத்து, தலையை மடியில் தாங்கிக்கொண்டு தஞ்சாவூர் வரை வந்தீர்கள். வழிமறித்த போலீஸ்காரரிடம், "பாஸ் எல்லாம் இல்ல தம்பி, உசுருதான் இருக்கு. இப்ப விடுங்க, வரும்போது திட்டுங்க" என்றீர்கள். அவர் தடுப்பை நகர்த்தி வழிவிட்டார். இசிஜி எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "மாரடைப்புதான். நல்லவேளை, நேரத்தோட கொண்டு வந்தீங்க" என்றார்.

வீடு திரும்பிய அன்று நீங்களே ஓமத் தண்ணீர் வைத்து நீட்டினீர்கள். "இந்தா, இப்பக் குடி. வாக்குக் குடுத்தேன்ல?"

உங்களைக் கொண்டுபோன நோய் தேடிப் பார்க்கக்கூட நேரம் தரவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை, அக்கா.

நேற்று எதிர்வீட்டுத் தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஓமத் தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். "குடிக்கிறத வந்து குடிக்கலாம், முதல்ல வண்டியில ஏத்துடி!" என்றேன். அப்படியே உங்கள் கத்தல். தெருவே வெளியில் வந்து எட்டிப் பார்த்தது.

இன்று அவள் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். அடைப்பை எடுத்துவிட்டார்களாம், ஆள் பிழைத்துக்கொண்டாராம். "நீங்க என்னக்கா, நர்ஸுக்குப் படிச்சீங்களா?" என்று அழுகையும் சிரிப்புமாகக் கேட்டாள்.

"இல்லடி, எங்க வீட்டு மூத்த மருமகளோட இருந்தேன்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

அவர் வீடு திரும்பட்டும். ஓமம் வாங்கி வைத்துவிட்டேன்.