இரண்டு படங்களில் ஒன்று

நவம்பர் 14, வெள்ளி. எசன், ஜேர்மனி.

குவாத்தமாலாவில் ஓர் ஏழை மாயன் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளையின் படிப்பைப் பொறுப்பேற்கலாம் என்று அம்மாவும் நானும் இன்று தொண்டு நிறுவனத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தோம். இரண்டு சிறுமிகளின் படங்கள் இருந்தன. அவர்களில் மலைக்கிராமத்துச் சிறுமி ஒருத்தி பள்ளிக்கு இரண்டு மணி நேரம் நடக்கிறாள் என்று வாசித்தேன். அம்மா அவள் படத்தைப் பெரிதாக்கினார்.

"இது சரியான கறுப்பு. மற்றப் பிள்ளையைக் காட்டு, நல்ல முகவெட்டு."

"என்னம்மா, அண்ணாவுக்குப் பொம்பிளையே பாக்கிறியள்?"

"படத்தை ஹோல் சுவரிலயெல்லே கொழுவப்போறம். வாற சனம் பாக்கும்."

போன வருடம் பீலெஃபெல்ட் நகரத்து மாப்பிள்ளை வீட்டாரும் என் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான், நிறம் காணாது, கறுப்பு என்றார்கள். அன்று அம்மா அழுதார். அதை நினைத்துக்கொண்டே, அவர் கேட்ட பிள்ளையின் படத்தை அழுத்தித் தேர்ந்தெடுத்தேன். அம்மாவைவிட என்மேல்தான் அருவருப்பாக இருக்கிறது.