ஞாயிற்றுக்கிழமை எடுக்கக் கூடாத கிணற்றுத் தண்ணீர்

தயவுசெய்து இதை வேறு யாரிடமும் காட்டாதீர்கள். படித்ததும் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

அனுப்புநர்:
பதினொன்றாம் வகுப்பு மாணவி
(பெயரைக் கையெழுத்தில் தருகிறேன்)

பெறுநர்:
மாணவர் ஆராய்ச்சித் திட்டங்களைத் தேர்வு செய்யும் அலுவலர் அவர்கள்

பொருள்: என் பெயரில் வந்துள்ள பள்ளிக் கிணற்று நீர் ஆய்வுத் திட்டத்தில், மாதிரி எடுக்கும் நாளை மாற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பள்ளிக் கிணறு சாயப்பட்டறையின் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. அந்தத் தண்ணீரைக் குடிக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பதினேழு பேருக்கு உடம்பில் கொப்புளம். என் தம்பியும் அதில் ஒருவன். பட்டறைக் கழிவு கிணற்றில் கலக்கிறதா என்பதே நான் எழுதிய ஆய்வுக் கேள்வி.

2. திங்கள், புதன் இரவுகளில்தான் கழிவுநீரைத் திறந்துவிடுகிறார்கள். எனவே மறுநாள் காலை ஆறு மணிக்கு மாதிரி எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். தங்களுக்கு வந்த பிரதியில் ‘ஞாயிறு மாலை’ என்று இருக்கும். அதற்குள் மோட்டார் கிணற்றை மூன்று முறை இறைத்துவிடும், தண்ணீர் தெளிந்துவிடும். மாற்றியவர் அறிவியல் ஆசிரியர். பட்டறை முதலாளிதான் எங்கள் பள்ளிக் குழுத் தலைவர். “ஞாயித்துக்கிழமைன்னா உனக்கும் படிப்பு கெடாதும்மா, கையெழுத்துப் போடு” என்றார் ஆசிரியர். போட்டுவிட்டேன். அது என் தவறு.

3. அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. நல்ல திட்டத்தில் ஒவ்வொரு தகவலுக்கும் மூலம் காட்ட வேண்டும் என்று வகுப்பில் சொல்லித் தந்தார்கள். அதனால் கழிவு திறக்கும் நேரத்துக்கு எதிரே ‘மூலம்: என் அப்பா, பட்டறையில் வால்வு திறப்பவர்’ என்று முதல் பிரதியில் எழுதினேன். அவர் சாப்பிடும்போது அலுத்துக்கொண்டு சொன்னது அது. முழு மதிப்பெண் கிடைக்கும் என்று நினைத்தேன். நேற்று ஆசிரியரிடம் மாதிரி எடுக்கும் நாளைத் திருத்தித் தரும்படி கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “உன் முதல் பிரதி என்கிட்ட பத்திரமா இருக்கும்மா. அப்பா நல்லா இருக்காரா?” என்றார்.

4. வரும் ஞாயிறு மாதிரி எடுத்தால் தண்ணீர் சுத்தம் என்று முடிவு வரும், அதுவும் என் பெயரில். இப்போது வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுபோகும் தம்பி, “அக்கா, உன் ஆராய்ச்சி முடிஞ்சா நான் ஸ்கூல்லயே குடிக்கலாம்ல?” என்று தினமும் கேட்கிறான்.

ஆகவே ஐயா, யாருக்கும் சொல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குத் தாங்களே வந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுங்கள். மூலம் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். மதிப்பெண் குறைந்தால் குறையட்டும்.

தேதி: புதன், இரவு பதினொன்றரை. அப்பா வேலையில் இருக்கிறார்.
இடம்: வீட்டுச் சமையலறை

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா வர இன்னும் மூன்று மணி நேரம்