பேரைச் சொல்ல மாட்டேன்

அருப்புக்கோட்டை

என் மச்சானுக்கு,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். சந்தோஷம்தான், பயப்படாதீர்கள்!

மில்லில் ஒரு பெண்ணுக்குக் கொரோனா என்று இன்று காலையில் ரிசல்ட் வந்தது. சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்லி, அவளைச் சிகிச்சைக்கு அனுப்பிவிட்டேன். மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"யாருன்னு பேரைச் சொல்லும்மா. வேலையை விட்டு நிறுத்திருவோம்."

"பேரு எதுக்கு சார்? மில்லை மூடி எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கணும்."

"பாதுகாப்பு ஆபீசர் வேலை ஒனக்கு வேணுமா, வேணாமா?"

ஆனாலும் சொன்னேன் மச்சான்: "பேரைச் சொல்ல மாட்டேன் சார்."

அப்போது எம்.ரெட்டியபட்டியிலிருந்து வரும் தங்கலட்சுமி அக்கா தன் மெஷினை நிறுத்தினார். "எனக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. வேலை போயிருமேன்னு காய்ச்சலோட ஓட்டிக்கிட்டிருந்தேன். இவுக நம்மளைக் காட்டிக் கொடுக்க மாட்டாக."

அவ்வளவுதான்! ஒவ்வொரு மெஷினாக நின்றது. எல்லாப் பெண்களும் அக்காவின் பின்னால் வந்து நின்றார்கள். மேனேஜரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மில்லை மூடச் சொல்லிவிட்டார்.

என் வேலையைப் பற்றி நாளைக்குப் பேசலாம். இத்தனை வருஷத்தில் இன்றுதான், மில் கூரையில் புறாக்கள் குனுகுவது என் காதில் விழுந்தது.

உங்கள்
வீட்டு ஆபீசர்